கேன் தரையிலேயே இருக்கட்டும்!

‘‘எங்கள் தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்கின்றன. ஆசிட் விட்டால் சரியாகும் என்றார்கள். 35 லிட்டர் கேனாக வாங்கினோம். போன முறை கேனைச் சாய்த்து வாளியில் ஊற்றும்போது தம்பி மகனின் காலில் தெறித்துப் புண்ணாகிவிட்டது. தெறிக்காமல் எடுக்க ஏதாவது கருவி உண்டா?’’

- ஆம்பூர் பகுதி வாசகர்

பாலாற்றுப் படுகையில் பல கிணறுகளின் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். இவை டிரிப்பர் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைப்பை உண்டாக்கும். இதைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விடுவது நடைமுறையில் இருக்கும் முறைதான். கடைசிக் குழாயில் வரும் தண்ணீரின் பி.ஹெச் அளவு 4-க்கு இறங்கும்வரை ஆசிட் கலந்த நீரைச் செலுத்த வேண்டும். பிறகு 24 மணி நேரம் நிறுத்திவைத்து, மறுநாள் பக்கக் குழாய்களின் நுனிகளைத் திறந்து கழுவிவிட வேண்டும். இதில் ஆபத்து அதிகம் இருப்பது, கேனிலிருந்து வாளிக்கு மாற்றும் அந்த ஒரு நிமிடத்தில்.

முதல் காரணம், எடை. 35 லிட்டர் தண்ணீர் 35 கிலோ. அதே கேனில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருந்தால் சுமார் 40 கிலோ. அடர் கந்தக அமிலமாக இருந்தால் 64 கிலோ. இந்த எடையை இரண்டு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிறிய வாய் வழியாக அளவாக ஊற்றுவது யாருக்கும் கடினம்.

இரண்டாவது காரணம், காற்று. கேனிலிருந்து திரவம் வெளியே வந்தால், அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். ஒரே வாய், அதையும் திரவம் அடைத்துக்கொண்டால் காற்று இடித்துக்கொண்டு உள்ளே நுழையும். ‘குளுக் குளுக்’ என்ற சத்தம் அதுதான். ஒவ்வொரு சத்தத்துக்கும் திரவம் ஒருமுறை நின்று, ஒருமுறை பாய்ந்து வரும். அந்தப் பாய்ச்சலில்தான் தெறிக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு 1937-ம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஒரு விடை கண்டுபிடித்தார்கள். ராணுவ வண்டிகளுக்குப் பெட்ரோல் கொண்டுபோக 20 லிட்டர் கேன் ஒன்றை வடிவமைத்தார்கள். அதன் வாயில் காற்று உள்ளே போவதற்கென்றே தனியாக ஒரு சிறு குழாய் இருந்தது. அதனால் புனல் இல்லாமலே சீராக ஊற்ற முடிந்தது. இன்று ‘ஜெர்ரி கேன்’ என்று உலகமே சொல்வது அதைத்தான். நம் வீட்டு எண்ணெய் டின்னில் இரண்டு ஓட்டை போடுவதும் இதே கணக்குதான்.

வாய் ஒரு ஓரமாக உள்ள சிறிய கேனைச் சாய்க்கும்போது, வாய் மேல்பக்கம் இருக்கும்படி பிடிக்க வேண்டும். அப்போது திரவத்துக்கு மேலே காற்று போக இடம் இருக்கும், சத்தமில்லாமல் ஊற்றும். ஆனால், 35 லிட்டர் ஆசிட் கேனைக் கையால் சாய்க்கவே கூடாது. அதற்குக் கருவிகள் இருக்கின்றன.

சாய்க்கும் ஸ்டாண்ட்: இரும்புச் சட்டத்தில் கேனை உட்காரவைத்து, பட்டை போட்டுக் கட்டி, இரண்டு பக்கமும் அச்சில் தொங்கவிடுவது. அச்சு கேனின் நடுப்பகுதியில் வருவதால், எடை முழுவதையும் சட்டம் தாங்கும். கை மெதுவாகத் தள்ளினால் போதும். உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம்.

கை பம்ப்: ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் பேரலில் நிற்குமே, அதே தத்துவம். கேன் தரையிலேயே இருக்கும். பம்பின் குழாய் கேனுக்குள் இறங்கும். கையால் அடித்தால் ஆசிட் மேலே வந்து வாளியில் விழும். இதில் ஒரு எச்சரிக்கை. டீசலுக்கு விற்கும் இரும்பு, அலுமினிய பம்புகளை ஆசிட்டுக்கு வைக்கக் கூடாது. ஆசிட் உலோகத்தைத் தின்னும். அப்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும். ஆசிட் தாங்கும் பிளாஸ்டிக்கில் செய்த பம்ப்தான் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகளில் தோலைப் பதப்படுத்தக் கந்தக அமிலம், ஃபார்மிக் அமிலம் எல்லாம் அன்றாடம் புழங்குகின்றன. அவற்றுக்குச் சாமான் விற்கும் கெமிக்கல் கடைகளில் ‘ஆசிட் பம்ப்’ என்று கேட்டுப் பார்க்கலாம்.

குமிழ் பம்ப்: பிளாஸ்டிக் குமிழை நான்கைந்து முறை அமுக்கினால் திரவம் ஓட ஆரம்பிக்கும் மலிவான பம்ப் இது. கேன் உயரமாகவும் வாளி தாழ்வாகவும் இருந்தால், அமுக்குவதை நிறுத்தினாலும் திரவம் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் குமிழின் மேல் உள்ள காற்றுத் திருகைத் திறக்க வேண்டும். இது தெரியாமல் பதறிப்போய்க் குழாயை வெளியே இழுப்பவர்கள்தான் மேலே கொட்டிக்கொள்கிறார்கள். முதலில் தண்ணீரில் வைத்து இயக்கிப் பழகிவிட்டு, பிறகு ஆசிட்டில் வைக்கவும்.

ரப்பர் குழாயை வைத்து வாயால் உறிஞ்சும் வழக்கத்தை, டீசலாக இருந்தாலும் சரி, இன்றோடு விட்டுவிட வேண்டும். ஒரு மடக்கு டீசல் தவறி நுரையீரலுக்குள் போனாலே நிமோனியா வரும். ஆசிட் என்றால் சொல்லவே வேண்டாம்.

வாளிக்கு வந்த பிறகும் ஒரு விதி உண்டு. முதலில் வாளியில் தண்ணீர். அதில்தான் ஆசிட்டைச் சிறுகச் சிறுக விட வேண்டும். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால், அந்த இடம் சட்டென்று கொதித்து முகத்தில் தெறிக்கும். கலந்ததைக் குழாயில் ஏற்ற, உரம் விடும் அதே வென்ச்சுரி போதும். குழாய் குறுகும் இடத்தில் தண்ணீரின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த இடத்தில் வாளியிலிருந்து திரவம் தானாக உறிஞ்சப்படும். இந்த உண்மையை 1797-ல் எழுதிவைத்த இத்தாலிய அறிஞர் வென்ச்சுரியின் பெயர்தான் கருவிக்கும் நிலைத்துவிட்டது. இதில் ஊற்றும் வேலையே கிடையாது.

பாதி வேலையில் கரன்ட் போனால், ஆசிட் கலந்த நீர் திரும்பிக் கிணற்றுக்கோ, போர்வெல்லுக்கோ போய்விடக் கூடாது. வென்ச்சுரிக்கு முன்னால் ஒருவழி வால்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போட வேண்டும். பாசியை நீக்க பிளீச்சிங் பவுடர் விடுபவர்கள், அதையும் ஆசிட்டையும் ஒரே வாளியிலோ, ஒரே நாளிலோ பயன்படுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது மூச்சை அடைக்கும்.

வெயிலில் நின்ற கேனின் மூடியை ஒரே திருகில் திறக்கக் கூடாது. கொஞ்சம் தளர்த்தி, உள்ளே அடைந்த புகை வெளியேறிய பின் திறக்கவும். கண் கண்ணாடி, ரப்பர் கையுறை, பூட்ஸ் மூன்றும் வேண்டும். பக்கத்தில் ஒரு குடம் சுத்தமான தண்ணீராவது வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விடக் கூடாது.

‘‘முள்ளு கத்தரி போட்டிருக்கிறோம். மருந்தை மூடியில் அளந்து ஊற்றும்போது விரலில் வழிகிறது. பெரும்பாலும் என் மனைவிதான் கலந்து கொடுக்கிறார். கையில் படாமல் அளக்க என்ன வழி?’’

- அணைக்கட்டு பகுதி வாசகர்

தெளிப்பவரைவிடக் கலப்பவருக்கு ஆபத்து அதிகம். டேங்கில் இருப்பது தண்ணீர் கலந்த மருந்து; பாட்டிலில் இருப்பது கலக்காத மருந்து. வீட்டுப் பெண்கள் கலந்து கொடுக்கும் இடங்களில், அந்த முழு வீரியமும் அவர்கள் கையில்தான் படுகிறது. பிறகு அதே கையால் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார்கள்.

மூடி அளவுக் கருவி அல்ல. அளந்த பிறகு அதில் ஒட்டியிருக்கும் மருந்து, மூடியைத் திருகும்போது விரலுக்கு வந்துவிடும். இதற்கு மாற்றாக வந்ததுதான் இரட்டை அறை பாட்டில். பெரிய அறையை அமுக்கினால், உள்குழாய் வழியாக மருந்து மேலே உள்ள சிறிய அறைக்கு ஏறும். அதில் கோடு போட்டிருக்கும். வேண்டிய கோடு வந்ததும் கையை விட்டுவிட்டு, சிறிய அறையின் மூடியை மட்டும் திறந்து டேங்கில் ஊற்றலாம். மருந்து அப்படிப்பட்ட பாட்டிலில் வந்தால் அதையே வாங்கலாம். சாதாரண பாட்டிலில் இருப்பதை இன்னொரு பாட்டிலுக்கு மாற்றுவது கூடாது. லேபிள் இல்லாத பாட்டில் வீட்டில் இருந்தால், அதுவே தனி ஆபத்து.

சாதாரண பாட்டில்தான் கிடைக்கிறது என்றால், கோடு போட்ட பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்றையும் நீண்ட மூக்குப் புனல் ஒன்றையும் மருந்துக்கென்றே ஒதுக்கி, பூட்டிவைக்க வேண்டும். குவளையைக் கையில் பிடிக்காமல் தரையில் சமமான இடத்தில் வைத்து ஊற்றினால் சிந்தாது. பாட்டில் லேபிளில் உள்ள சாய்சதுரக் கட்டத்தின் நிறத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள்ளே வரவே வேண்டாம்.

வெளிநாடுகளில் இன்னும் ஒரு படி போய்விட்டார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970-களிலேயே, கொடிய நஞ்சுகளைத் திறந்து ஊற்றாமல் மூடிய குழாய் வழியாகவே டேங்குக்கு மாற்ற வேண்டும் என்று விதி செய்தார்கள். இன்னொரு வகை, மருந்துத் தூளைத் தண்ணீரில் கரையும் பையில் அடைத்து விற்பது. பையைப் பிரிக்காமல் அப்படியே டேங்கில் போட வேண்டும், பையும் கரைந்துவிடும்.

காலியான பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்த நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். இப்படி மூன்று முறை. வாய்க்காலில் கழுவக் கூடாது. பிறகு பாட்டிலில் ஓட்டை போட்டுவிட வேண்டும். காலிப் பாட்டில்களை மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்று 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளும் சொல்கின்றன.

கத்தரியில் தண்டு, காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வாடிய நுனிகளைக் கிள்ளி அழித்துவந்தால், பாட்டிலைத் திறக்க வேண்டிய தடவைகளே குறையும்.

‘‘தோல் ஷாப்பிலிருந்து வந்த 200 லிட்டர் நீல டிரம் மலிவாகக் கிடைக்கிறது. நன்றாகக் கழுவிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவும், ஜீவாமிர்தம் கலக்கவும் வைத்துக்கொள்ளலாமா?’’

- வாணியம்பாடி பகுதி வாசகர்

வேண்டாம். டிரம்மின் பிளாஸ்டிக், தன்னுள் இருந்த ரசாயனத்தைக் கொஞ்சம் சுவருக்குள்ளேயே உறிஞ்சிவைத்திருக்கும். வெளியே கழுவினாலும் உள்ளே ஊறியது போகாது. தண்ணீர் நிற்க நிற்க மெதுவாகக் கசியும். ஜீவாமிர்தத்தில் பெருக வேண்டிய நுண்ணுயிர்களையும் அது பாதிக்கும். உள்ளே என்ன இருந்தது என்று லேபிள் இல்லாத டிரம்மை, விற்பவர் எவ்வளவு உறுதி சொன்னாலும் நம்பக் கூடாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தோலின் முடியை நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு ஒட்டியிருக்கும் டிரம்மில் யாராவது ஆசிட் ஊற்றினால், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘போய்விட்டது’ என்று நினைத்துக் குனிபவர்கள் மயங்கி விழுவார்கள். தொட்டியாக்குவதற்காக இரும்பு டிரம்மை வெல்டிங்கில் வெட்டுவதும் அப்படித்தான். உள்ளே தங்கிய ஆவி தீப்பிடித்து டிரம் வெடிக்கும்.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. மருந்து இருந்த டப்பாவில் எண்ணெய் வைத்ததே காரணம் என்று அப்போது பேசப்பட்டது.

இந்தப் பகுதி விவசாயிகளுக்குத் தோல் கழிவின் கொடுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலாற்றுத் தண்ணீருக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைக் கழிவைத் தடுக்க நீதிமன்றம் வரை போன ஊர், அதே ரசாயனத்தைக் காசு கொடுத்து டிரம்மில் தொழுவத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

மாட்டுக்குச் சிமென்ட் தொட்டி நல்லது. ஜீவாமிர்தத்துக்கு டிரம்தான் வேண்டும் என்றால் புதியது வாங்கலாம். அல்லது ஊறுகாய், குளுக்கோஸ் பாகு போன்ற உணவுப் பொருள் வந்த, லேபிள் கிழியாத டிரம்மாகப் பார்த்து வாங்கலாம். ஏற்கெனவே வீட்டில் தோல் ஷாப் டிரம் இருந்தால், குடிநீர், தீவனம், தானியம் மூன்றையும் இன்றே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். டிரம்மைச் சும்மா போட்டுவைத்தாலும், குழந்தைகள் தண்ணீர் பிடிக்காதபடி அடியில் ஓட்டை போட்டுவிடுவது நல்லது.