ஆன்டெனா எட்டு இருந்தால் சிக்னல் எட்டுமா? புது வைஃபை ரவுட்டர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஹாலில் 200 எம்பிபிஎஸ் வேகம். உள் அறைக்குப் போனால் ஒரே ஒரு கோடு சிக்னல், வீடியோ கால் அப்படியே நின்றுவிடுகிறது. உடனே பலருக்கும் வரும் யோசனை, 'புது ரவுட்டர் வாங்கிடலாமா?' என்பதுதான். வைஃபை 6, வைஃபை 7 என்று விளம்பரங்கள் வரிசை கட்டும் நேரத்தில், ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் சில விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

வைஃபை 7 என்றால் தூரம் அதிகமா?

இல்லை. வைஃபை 2.4, 5, 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குகிறது. எண் கூடக் கூட வேகம் கூடும். ஆனால் சுவரைத் தாண்டும் திறன் குறையும். 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளை 2025 மே மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறை வெளியிட்டது. அதுவும் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்குத்தான். அதே அறையில் இருந்தால் வேகம் பறக்கும். இரண்டு சுவர் தாண்டியிருக்கும் அறைக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

ஆன்டெனா அதிகம் இருந்தால்?

ரவுட்டர் எவ்வளவு சக்தியில் சிக்னல் அனுப்பலாம் என்பதற்கு அரசு உச்சவரம்பு இருக்கிறது. அதைவிட முக்கியமானது, உங்கள் போனும் பதில் சிக்னல் அனுப்ப வேண்டும். ரவுட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், போனின் குரல் சின்னதுதானே!

பெட்டியில் உள்ள எண் என்ன சொல்கிறது?

'ஏஎக்ஸ்3000' என்றால் 3000 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 574, 5 ஜிகாஹெர்ட்ஸில் 2402 என இரண்டையும் கூட்டிப் போட்ட கணக்கு அது. பார்க்க வேண்டியது பின்பக்க கேபிள் போர்ட்டை. விலை குறைந்த பல மாடல்களில் அது 100 எம்பிபிஎஸ்தான். 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினாலும் பாதிகூட முழுசாக வராது. 'கிகாபிட் போர்ட்' இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்போ என்னதான் தீர்வு?

முதலில் செலவில்லாத வழி. டிவிக்குப் பின்னால், பீரோ அல்லது ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருக்கும் ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலைக்கு மேல் உயரத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரும்பும் கான்கிரீட்டும் சிக்னலைத் தடுக்கும்.

ஃபைபர் இணைப்பு என்றால், கம்பெனி கொடுத்த பெட்டிக்குள்தான் ஃபைபர் நேரடியாகப் போகிறது. அதைக் கழற்றிவிட்டு சாதாரண ரவுட்டரை மாட்ட முடியாது. அந்தப் பெட்டியிலிருந்து லேன் கேபிள் இழுத்து, சிக்னல் வராத அறையில் இன்னொரு ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் வைப்பதே நம்பகமான வழி. இதற்கு விலை குறைந்த வைஃபை 6 மாடலே போதும். கேபிள் இழுக்க முடியாத வீடுகளுக்கு மெஷ் செட். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும்.

கரண்ட் போனதும் நெட்டும் போகிறதா? அது ரவுட்டரின் குறை இல்லை. மினி யுபிஎஸ் வாங்கினால் போதும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டையும் அதில் இணைக்க வேண்டும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.