கைப்பேசி எண்ணை நீங்கள் ஏன் மாற்ற வேண்டும்?

வங்கிக் கிளைக்கு வரும் விண்ணப்பங்களுள் மிகச் சாதாரணமானது கைப்பேசி எண் மாற்றக் கோரிக்கை. பழைய எண், புதிய எண், கையொப்பம், அடையாளச் சான்றின் நகல் இருந்தால் ஐந்து நிமிட வேலை. காரணம் கேட்டால் பெரும்பாலோர் ‘சிம் தொலைந்துவிட்டது’ என்பார்கள். நாங்களும் மேற்கொண்டு கேட்பதில்லை.

மும்பைப் புறநகர்க் கிளையொன்றில் பணியாற்றியபோது ஒரு பெண்மணி அத்தகைய விண்ணப்பத்தை நீட்டினார். தையற்கூடம் ஒன்றில் கணக்கு எழுதுபவர்; நெடுநாள் வாடிக்கையாளர். கணினியில் பார்த்தபோது, ஓராண்டுக்குள் அவர் எண்ணை மாற்றுவது அது மூன்றாம் முறை என்று தெரிந்தது. மூன்று முறையும் காரணம் ஒன்றே. ஒருவருக்கு மூன்று சிம் தொலையக் கூடாது என்றில்லை. ஆனாலும் மனம் ஒப்பாமல், அவரைத் தனியே அமர வைத்து, “என்னம்மா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா?” என்று கேட்டோம். அவர் அழுதுவிட்டார்.

மகனின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றில் 5,000 ரூபாய் கடன் கேட்டிருக்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 3,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஏழாம் நாள் முழுத் தொகையையும் கேட்டார்கள், கட்டினார். கட்டிய பிறகும் பாக்கி இருக்கிறது என்றார்கள். மறுத்ததும் செய்திகள் வரத் தொடங்கின. செயலியை நிறுவும்போது அது கேட்ட அனுமதிகளையெல்லாம் அவர் கொடுத்திருந்தார். அதனால் அவருடைய தொடர்பு எண்கள் அனைத்தும் அவர்கள் கையில் இருந்தன. அவர் முகத்தை ஓர் ஆபாசப் படத்தில் ஒட்டி, ‘மோசடிக்காரி’ என்ற அடைமொழியோடு தங்கைக்கும், முதலாளிக்கும், மகனின் ஆசிரியைக்கும் அனுப்பினார்கள். பயந்துபோய் மேலும் இரு முறை பணம் கட்டினார். எண்ணை மாற்றினார். அவருக்கு வந்த செய்திகள் நின்றன. உறவினர்களுக்கு வந்தவை நிற்கவில்லை. அவர்களில் ஒருவரை மிரட்டிப் புதிய எண்ணையும் வாங்கிவிட்டார்கள்.

“அந்தச் செய்திகளை வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டோம். “பார்க்கவே கூசியது சார், அப்போதே அழித்துவிட்டேன்” என்றார்.

இவ்விரண்டையும் பற்றித்தான் இங்கே எழுத முற்படுகிறோம். தொல்லைக்கு ஆளானவர் முதலில் செய்தியை அழிக்கிறார். பிறகு எண்ணை மாற்றுகிறார். இரண்டும் இயல்பான செயல்களே. ஆனால் இரண்டுமே தொல்லை கொடுப்பவனுக்குச் சாதகமாக முடிகின்றன என்பது எங்கள் கருத்து.

எண் மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். இன்று கைப்பேசி எண் என்பது பேசுவதற்கு மட்டும் உரியதன்று. சேமிப்புக் கணக்கு, யு.பி.ஐ., ஆதார், வருமான வரி, சமையல் எரிவாயு என அனைத்தும் அதனோடு கோக்கப்பட்டுள்ளன. கிளையில் நாங்கள் மாற்றிக் கொடுப்பது ஒரு முடிச்சை மட்டுமே. மற்றவற்றை வாடிக்கையாளர் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்ட வேண்டும். அதைச் செய்து முடிப்பவர் குறைவு. செயலிழந்த எண் குறைந்தது 90 நாள் ஒதுக்கி வைக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படலாம். உங்கள் பழைய எண்ணோடு இணைந்து கிடக்கும் கணக்குகளின் ஓ.டி.பி. அப்போது முன்பின் அறியாத ஒருவரின் கைப்பேசியில் ஒலிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் பறிபோகும்போது, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்கிறது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை. அந்தத் தகவல், நீங்கள் கழற்றி இழுப்பறையில் போட்ட சிம்முக்கு வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் தம் பங்கைச் செய்யத் தவறினாரா என்ற வாதத்துக்கு அங்கே இடம் பிறக்கிறது. மானத்தைக் காக்க எண்ணை மாற்றியவர், பணத்தைக் காக்கும் கதவைத் திறந்து வைத்துவிடுகிறார்.

அடுத்தது, அழித்தல். கைப்பேசியில் இருக்கும் அந்த அருவருப்பான செய்திதான் காவல் துறையிடம் நீங்கள் காட்டப்போகும் சான்று. அனுப்பியவரின் எண், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மூலச் செய்தியையும், அது வந்த கருவியையும் அப்படியே வைத்திருங்கள். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், நம்பிக்கையான ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லலாம். எண்ணைத் தடை செய்வதை அதன் பிறகு செய்யுங்கள்.

ஏற்கெனவே அழித்துவிட்டவர்களும் கைவிரிக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்மணியின் தங்கை, தமக்கு வந்தவற்றை அழிக்காமல் வைத்திருந்தார். அவமானப்படுத்துவதற்காகப் பத்துப் பேருக்கு அனுப்பும்போது, பத்து இடங்களில் சான்றையும் விட்டுச் செல்கிறார்கள். மற்றொரு சான்று எங்கள் ஏட்டிலேயே இருந்தது. அவர் பணம் கட்டிய நாள், தொகை, பெற்றவரின் யு.பி.ஐ. முகவரி, பரிவர்த்தனை எண் ஆகியவை அனைத்தும் கணக்கு அறிக்கையில் வரிசையாக இருந்தன. தொல்லைக்கு ஆளானவர்கள் கணக்கு அறிக்கை கேட்டு வங்கிக்கு வரலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

சட்டம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்ததிலிருந்து, இணைய வசைக்குச் சட்டமே இல்லை என்ற எண்ணம் படித்தவர்களிடையே கூட உள்ளது. அது சரியன்று. ஆபாசப் படத்தை மின்வழியில் பரப்புவது அதே சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி குற்றம். மிரட்டலும் மிரட்டிப் பணம் பறித்தலும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தனித்தனிக் குற்றங்கள். விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிவித்த பின்னும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வது அதன் 78ஆம் பிரிவில் வருகிறது. முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை. ரீசார்ஜ் கடையில் எண்ணைக் கேட்டறிந்து நள்ளிரவில் ‘ஹாய்’ அனுப்பும் இளைஞருக்கும் இது பொருந்தக்கூடும் என்பதை அவர் வீட்டார் அறிந்திருப்பது நல்லது.

கடன் கொடுத்தவர் எப்படியும் கேட்கலாம் என்று நினைப்பதும் தவறு. கடனை வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, தகாத செய்திகளை அனுப்பக் கூடாது, கடன் பெற்றவரின் குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொல்லைப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் எல்லா வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அறிவுறுத்தியது. அடுத்த மாதமே வந்த டிஜிட்டல் கடன் நெறிமுறைகள், செயலிகள் தொடர்பு எண் பட்டியலையும் படங்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடவே கூடாது என்றன. ஆகவே, தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலியை அந்த இடத்திலேயே நீக்கிவிடலாம். ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களின் கடன் செயலிகளைக் கொண்ட பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் உள்ளது. அதில் பெயர் இருப்பது நற்சான்றாகாது. இல்லாதிருப்பது போதுமான எச்சரிக்கை.

புகார் செய்ய 1930 என்ற எண்ணும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளமும் உள்ளன. பணம் பறிபோயிருந்தால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காமல் 1930ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க இயலுவது அவ்வாறு அழைத்தால்தான். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகளைப் பெயர் சொல்லாமலும் அந்த இணையதளத்தில் தெரிவிக்கலாம். தம் உருவத்தைத் திரித்த படம் சமூக ஊடகத்தில் வந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுத வேண்டும். 2021ஆம் ஆண்டு விதிகள் இயற்றப்பட்டபோதே அத்தகைய படத்தை நீக்க 24 மணி நேரக் கெடு வைத்தன. வெறும் விளம்பரத் தொல்லை என்றால் 1909 போதும். செய்தி வந்த ஏழு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

விளம்பரத் தொல்லை என்று எழுதும்போது எங்களுக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது. தனிநபர் கடன் தயார், கடன் அட்டை தயார் என்று ஓயாமல் அனுப்பி, ‘வங்கியிலிருந்து செய்தி’ என்றால் படிக்காமல் தள்ளிவிடும் பழக்கத்தை மக்களுக்கு ஏற்படுத்தியதில் வங்கித் துறைக்கும் பங்குண்டு. கணக்கில் பணம் எடுக்கப்பட்டது என்னும் உயிரான செய்தியும் அதே குவியலில் புதைந்து போகிறது. இப்போது அனுப்புநர் பெயரின் இறுதியில் விளம்பரத்துக்கு ‘பி’, சேவைக்கு ‘எஸ்’, பரிவர்த்தனைக்கு ‘டி’, அரசுக்கு ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து வருகிறது. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்றும், விளம்பர அழைப்புகளுக்கு 140 என்றும் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தாமதமாக வந்தாலும் நல்ல ஏற்பாடு. பத்து இலக்கத் தனியார் எண்ணிலிருந்து ‘வங்கி மேலாளர் பேசுகிறேன்’ என்பவரிடம் நீங்கள் மரியாதை பார்க்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்மணி அன்று விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தங்கையின் கைப்பேசியில் இருந்த படங்களையும், நாங்கள் முத்திரையிட்டுக் கொடுத்த கணக்கு அறிக்கையையும் வைத்து இணையவழியில் புகார் பதிந்தார். காவல் நிலையத்துக்குத் தங்கையும் துணை சென்றார். முதலாளியிடமும் ஆசிரியையிடமும் தாமே பேசினார். அவர்கள் முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள். கேட்கத் தயங்கி இருந்திருக்கிறார்கள், அவ்வளவே. தொல்லை உடனே நின்றுவிடவில்லை. மேலும் சில வாரங்கள் வந்து, பணம் வராதென்று தெரிந்ததும் ஓய்ந்தது. முன்பு கட்டிய பணம் திரும்பவில்லை.

அதன் பிறகு எங்கள் கிளையில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். எண் மாற்றக் கோரிக்கை இரண்டாம் முறையாக வந்தால், வரிசையில் நிற்க வைத்துக் கேட்காமல், உள்ளே ஒரு நாற்காலி போட்டு அமரச் சொல்கிறோம். பலருக்கு உண்மையிலேயே சிம் தொலைந்துதான் இருக்கிறது.