ஊசியும் அடுப்பும் ஜெபமும்

இல்வாழ்க்கையின் இன்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் திருமணம், மகப்பேறு, புதுமனை புகுதல் முதலிய விசேஷ நாள்களையே மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஆனால் ஒருவருடைய ஆயுளில் அத்தகைய நாள்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. எஞ்சியவையெல்லாம் உலை வைப்பதும், துணி மடிப்பதும், விளக்கேற்றுவதும், குழந்தையின் கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுப்பதுமாகக் கழிகிற சாதாரண நாள்களே. அந்தச் சாதாரண நாள்களில் ஆனந்தம் உண்டா, உண்டென்றால் அது எதிலிருந்து பிறக்கிறது என்ற விசாரணை சமய நூலோருக்கு மட்டும் உரியதன்று. பொருளாதாரமும் சமூக நீதியும் அதிலே கலந்திருக்கின்றன. இதை ஆராய்வதற்குத் தமிழகத்தின் தென்கோடியிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தென்படவில்லை. நூல் பின்னுகிற ஊசியும், கேக் வேகிற அடுப்பும், அந்தி வேளைக் குடும்ப ஜெபமும் ஒரே கூரையின்கீழ் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு அங்கே தலைமுறை தலைமுறையாக நிலைத்து வந்திருக்கின்றன.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் 1819-இல் தம் மனைவி மார்த்தாவுடன் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். பெண்கள் எழுத்தறிவதே அதிசயமாயிருந்த அந்தக் காலத்தில் சிறுமியருக்கென ஒரு விடுதிப் பள்ளியை நடத்திய மார்த்தா, எழுத்தையும் வேதபாடத்தையும் கற்பித்ததோடு ரேந்தை (லேஸ்) பின்னவும் கற்றுக்கொடுத்தார். அப்பள்ளிக்கு வந்தவர்களில் அடிமைகளாகப் பிறந்த பெண்களும் இருந்தனர். ரேந்தை பின்னிக் கிடைத்த கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு என்று மிஷனரிகளின் குறிப்புகள் தெரிவிக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அரசரின் பிரகடனத்துக்கு முன்பாகவே ஒரு நூற்கண்டு சில பெண்களின் விலங்கை அறுத்திருக்கிறது என்பது விளங்கும்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழைத் தாய்மொழிபோலப் பேசியவர். 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்ற அவர், பனையும் செம்மணலும் அன்றி வேறொன்றும் செழிக்காத அந்தத் தேரிக்காட்டு ஊரிலும் பெண்கள் பள்ளியை நிறுவி, தாயிடம் பார்த்த அந்தக் கைத்தொழிலையும் பரப்பினார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கணவரின் கீர்த்தியைத் தமிழுலகம் உள்ளவரை பேசும். அவர் மனைவியின் பெயரை அந்த வட்டாரத்துக்கு அப்பால் எத்தனை பேர் அறிவார்கள்? பின்னர் 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மரி லூயிஸ் தெ மேஸ்டர் அம்மையார், அநாதைக் குழந்தைகளைப் பராமரிப்பதற்காக அங்கே ஒரு கன்னியர் சபையைத் தோற்றுவித்தார். முளகுமூட்டு மடத்தின் பூவேலையும் ரேந்தையும் கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் பெயர் பெற்றவை.

ரேந்தை பின்னுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலன்றி அந்தத் தொழிலின் நயம் விளங்காது. இறுக அடைத்த உருளைத் திண்டு ஒன்றின்மேல் துளைகள் குத்திய அட்டை சுற்றப்பட்டிருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி ஏறும். நூல் சுற்றிய சிறு மரக் கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இரண்டு ஜோடிகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை மாற்றி, முறுக்கி, ஊசியைக் குத்தி, மறுபடியும் மாற்ற வேண்டும். கட்டைகள் மோதுகிற மெல்லிய ஓசை தவிர வேறு சத்தமில்லை. ஒரு விரற்கடை அகலமுள்ள கரை ஒரு சாண் வளர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கம்பளிப் பின்னல் இதைவிட எளிது; இரண்டு ஊசியும் ஒரு நூலுண்டையும் போதும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஸ்வெட்டராகப் பயன்படுகிற அந்தப் பின்னல், வெயில் கொளுத்தும் சமவெளியில் பேறுகாலம் நெருங்கிய வீட்டில் குழந்தைக்கு வேண்டிய குல்லாவாகவும் காலுறையாகவும் உருவெடுக்கிறது. இடையில் ஒரு கண்ணி நழுவிவிட்டால் அது ஏணிப்படிபோல வரிசை வரிசையாகக் கீழே அவிழ்ந்துகொண்டே போகும். வளைந்த ஊசியால் அடியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பதற்றத்தோடு செய்தால் பக்கத்துக் கண்ணியும் நழுவும். பொறுமையைப் பற்றி ஆயிரம் உபந்நியாசங்கள் கேட்பதைவிட இந்த ஒரு வேலை அதை நன்றாகப் பழக்கிவிடுகிறது.

கை ஒரே இயக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது சித்தம் அடங்குகிறது என்பது நம் முன்னோர் ஜபமாலையைக் கொண்டு கண்டறிந்த உண்மை. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-இல் வெளியிட்ட நூலில், ஒரு சொல்லையோ பிரார்த்தனையையோ இடைவிடாது உச்சரிப்பதால் சுவாசமும் இருதயத் துடிப்பும் நிதானப்படுவதை விவரித்தார்; திரும்பத் திரும்பச் செய்கிற உடலசைவுக்கும் இதே குணம் உண்டு என்று பின்னர் எழுதினார். ஆயினும் விஞ்ஞானம் சொல்கிற அமைதி பாதிதான். அந்தக் குல்லாவைப் பின்னுகிற பாட்டி, இன்னும் முகம் தெரியாத ஒரு குழந்தையை ஒவ்வொரு கண்ணியிலும் நினைத்துக்கொள்கிறாள், அதற்காக வேண்டிக்கொள்கிறாள். மனம் வெறுமனே அடங்குவது வேறு. அடங்கிய மனத்தில் பிறர் ஒருவர் வந்து அமர்வது வேறு. பின்னதுதான் ஆனந்தம் என்று நான் கருதுகிறேன்.

அடுப்படிக்கு வருவோம். தென்பாண்டிக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் பிறந்தால் முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து எல்லாம் தமிழ்நாட்டுப் பண்டிகைப் பலகாரங்களாகவே வரிசையில் வரும். அவற்றுக்கு நடுவில் கேக் மட்டும் சீமையிலிருந்து வந்து நம்மவராகிவிட்ட பலகாரம். வீட்டில் மின்சார அடுப்பு வராத காலத்தில் மாவைப் பதமாகக் குழைத்துத் தட்டில் ஊற்றி, தெருக்கோடி ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்து வேகவைத்து வாங்கி வருவார்கள். அதற்கும் வசதியில்லாத இடங்களில் மணல் பரப்பிய சட்டிக்குள் தட்டை வைத்து, கீழே மிதமான தீயும் மூடியின்மேல் தணலுமாக வேகவைப்பார்கள். வெண்ணெயையும் சீனியையும் மர அகப்பையால் ஒரே பக்கமாகக் கடைந்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதில் வீட்டிலுள்ள சிறுவர் முதல் முதியோர்வரை அனைவருடைய கையும் மாறி மாறி வலிக்கும். கருஞ்சிவப்பு நிறம் வருவதற்குச் சீனியைக் கருக்குகிற இடத்தில்தான் அனுபவசாலியின் திறமை தெரியும்: சீனி உருகிப் பொன்னிறமாகி, பின் செந்நிறமாகி, புகை எழத் தொடங்குகிற அந்தக் கணத்தில் வெந்நீரை ஊற்றிவிட வேண்டும், சற்றே முந்தினால் நிறம் ஏறாது, சற்றே பிந்தினால் கேக் முழுவதும் கசந்துவிடும். வெந்ததா என்று தென்னை ஈர்க்கைக் குத்திப் பார்த்து, அது மாவு ஒட்டாமல் வெளிவந்தபின் இறக்குகிறார்கள். அவ்வளவு சிரத்தையோடு செய்த பண்டத்தில் வீட்டாருக்கு மிஞ்சுவது சில துண்டுகளே. மற்றவை தட்டுகளில் துணி மூடி, தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் பலகாரம் கொடுத்தனுப்பிய அண்டை வீடுகளுக்குப் போய்விடும்.

இவ்விரண்டு வேலைகளுக்கும் அர்த்தம் கொடுப்பது விசுவாசம். அந்தி சாய்ந்ததும் பாய் விரித்துக் குடும்பத்தார் அனைவரும் உட்கார்ந்து, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையொன்றைப் பாடி, வேத வாக்கியம் வாசித்து, ஊரையும் உறவையும் பெயர் சொல்லி ஜெபிக்கிற வழக்கம் எல்லோரும் அறிந்தது. என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது வேறொரு சிறு அனுஷ்டானம். சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துக் கலயத்தில் போட்டு வைத்து, சேர்ந்ததும் ஆலயக் காணிக்கையாகக் கொடுத்துவிடுகிற வழக்கம் தென் மாவட்டச் சபைகளில் உண்டு. மிசோரம் பிரஸ்பிடேரியன் சபையின் பெண்கள் இதே முறையை 1910 முதல் கைக்கொண்டு ஊழியங்களுக்குப் பெரும் ஆதரவு தேடித் தந்திருக்கிறார்கள். காஞ்சிப் பெரியவர் வற்புறுத்திய பிடி அரிசித் திட்டமும் இதே தர்மத்தைச் சார்ந்ததே. காசு கையில் புழங்காத பெண்ணுக்கும் இந்த ஏற்பாட்டினால் தானம் செய்கிற அதிகாரம் கிடைக்கிறது. அவள் நாள்தோறும் செய்கிற சமையலே வழிபாடாகிவிடுகிறது.

விசுவாசம் கொடுத்த மற்றொரு நன்மை ஓய்வு. முந்தைய தலைமுறையில் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஊசியைத் தொடமாட்டார்கள். ஆராதனைக்குப் போய்விட்டு வந்தபின் அன்று திண்டும் நூலும் மூலையில் கிடக்கும். வேலைக்கு ஓர் எல்லை வகுப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது அந்த எல்லை இல்லாத இடங்களைப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஆந்திரத்தின் நரசாபுரத்திலும் மிஷனரிகளால் ரேந்தைத் தொழில் பரவியது. அங்கே ஏழைப் பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னியதையும், அந்தப் பின்னல் கடல் கடந்து விலையானதையும், லாபம் மட்டும் வியாபாரிகளைச் சேர்ந்ததையும் ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். அப்பெண்கள் தொழிலாளிகளாக மதிக்கப்படவில்லை. வீட்டிலிருக்கும் ஸ்திரீகள் ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்கிற காரியம் என்று சொல்லியே கூலி குறைக்கப்பட்டது. நாகர்கோவிலில் விடுதலைக்கு விலையாக அமைந்த அதே தொழில், நரசாபுரத்தில் சுரண்டலுக்குப் போர்வையாயிற்று. ஆகவே பின்னலிலோ சமையலிலோ ஆனந்தம் இயல்பாகவே ஊறிக் கிடக்கிறது என்று கொள்வதற்கில்லை. உழைப்பின் பலனும் நேரமும் யாருடையவை என்ற கேள்வியே அதை நிர்ணயிக்கிறது.

நம் வீடுகளின் நிலைமையும் பெருமைப்படத் தக்கதாயில்லை. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களும், ஈடுபட்ட ஆடவர் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். ஆடவரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே அவ்வேலையைத் தொட்டார் என்பதும் அதே கணக்கில் உள்ளது. ஐந்து மணி நேரம் தனியாகப் பாடுபட்டவளிடம் போய், இல்லறப் பணியில் இறைவனைக் காண்பாயாக என்று உபதேசிப்பது நியாயமாகாது. வீட்டு வேலையின் மகத்துவத்தைப் புகழ்கிறவர்களில் பலர், தாம் அதைச் செய்யாமலிருப்பதற்காகவே புகழ்கிறார்கள் என்பது என் கருத்து.

அந்த மகத்துவத்தைச் சொல்லத் தகுதி பெற்ற ஒருவர் பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரில் வாழ்ந்தார். லொரேன் நாட்டில் பிறந்து போர்வீரராயிருந்து, பின் கார்மேல் சபையில் எளிய தொண்டராகச் சேர்ந்த சகோதரர் லாரன்ஸ், மடத்தின் சமையலறையில் பல ஆண்டுகள் பணியாற்றினார். இயல்பாகவே சமையல் வேலை அவருக்குப் பிடிக்காது. இருந்தும் கடவுளின்மேல் கொண்ட அன்பினிமித்தம் செய்யத் தொடங்கி, பாத்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும் ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கிற அதே சாந்தியை அடைந்தார். 1691-இல் அவர் மறைந்தபின் அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் தொகுக்கப்பட்டு, கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்டு என்ற பேதமின்றி உலகெங்கும் படிக்கப்படுகின்றன. அவர் ஓர் ஆண் என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் கம்பளிப் பின்னலும் ஒரு காலத்தில் ஆடவரின் சங்கங்கள் நடத்திய தொழிலாகவே இருந்தது. ஊசியும் அகப்பையும் பெண்ணுக்கென்றே படைக்கப்பட்டவை என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை.

ஆகையால் குடும்பத் தலைவர்களிடம் ஒரு விண்ணப்பம். வருகிற பண்டிகைக்கு மாவு குழைக்கிற அகப்பையை நீங்களும் உங்கள் மகன்களும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்குத் தெரிந்த பின்னலைப் பேரனும் உட்கார்ந்து கற்கட்டும். ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டுகிற வேலையோடு நின்றுவிடாமல், இரவுப் பாத்திரங்களையும் நீங்களே கழுவி வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் உங்கள் வீட்டுப் பெண்களுக்கு அடுப்பிலிருந்து முழு விடுமுறை கொடுங்கள்.