போர்வைக்குள் பன்றி

அமெரிக்க விருந்துகளில் முதலில் காலியாகும் தட்டு இதுதான். விரல் நீள சாசேஜை மாவில் சுருட்டி அவனில் சுட்டால் 'போர்வைக்குள் பன்றி' தயார். பெயரில்தான் பன்றி, மாட்டிறைச்சியிலும் கோழியிலும் செய்வதுண்டு. ஜெர்மானியர்களுக்கு இது 'டிரஸ்ஸிங் கவுன் போட்ட சாசேஜ்'. இஸ்ரேலில் 'பெட்டிக்குள் மோசே'. பிரிட்டனில் இதே பெயரைச் சொன்னால் மாவு இருக்காது. பேக்கனில் சுற்றிய சாசேஜ்தான் வரும், அதுவும் கிறிஸ்துமஸ் விருந்தில்.

வேலை சுலபம். ஆனால் பலர் கோட்டை விடுவது மாவில்: வெளியே பொன்னிறம், உள்ளே பச்சை. ஈரமும் கனமான சுற்றும்தான் காரணம். ஏற்கனவே வெந்த சாசேஜை வாங்கி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். மாவை மெல்லிய, நீண்ட முக்கோணங்களாக வெட்டி, அகன்ற முனையிலிருந்து சுருட்டுங்கள். நுனி அடிப்பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் சூட்டில் பிரிந்துவிடும். 190 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம். தொட்டுக்கொள்ள கடுகு சாஸ்.

ஒரு எச்சரிக்கை. உருண்டை சாசேஜ் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அப்படியே அடைத்துக்கொள்ளும். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு பொடியாக நறுக்கிக் கொடுங்கள். விருந்துப் பரபரப்பில் மறந்துபோவது இதுதான்.