இரண்டு புத்தகம், ஒரு டிஸ்க், முப்பத்தையாயிரம் ரூபா

 

கொஞ்சம் நீளமான பதிவு. வாசித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டலாம், வாசிக்காமல் திட்டாதீர்கள்.

நாங்கள் நாலு ஆசிரியர்கள் சேர்ந்து வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் எடுப்பித்த கதை முள்ளியவளையில் பாதிப் பேருக்கு இப்போது தெரியும். தெரிந்ததற்குக் காரணம், அதை மீட்டெடுக்கக் காசு காணாமல் நாங்கள் ஊரில் இரண்டு பேரிடம் கைமாற்று வாங்கியதுதான். "என்ன சேர், போனா வந்தது?" என்று கேட்டார்கள். போன் இல்லை. படக்கதைப் புத்தகம் இரண்டு, அனிமே படம் ஒன்று. சொன்னதும் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவும் இல்லை, "கார்ட்டூனுக்கா இவ்வளவு சல்லி?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. மூன்று பொருளுக்கும் விலை 15,000 ரூபா. அனுப்புகூலி 11,000 ரூபா. இவ்வளவையும் கட்டி ஆறு கிழமை காத்திருந்த பிறகு, வரியும் கையாளுகைக் கட்டணமும் என்று இன்னும் 9,850 ரூபா கேட்டு ஒரு துண்டு வந்தது. எது எவ்வளவு என்று பிரித்து எழுதவில்லை, ஒரே மொத்தத் தொகை. போன் எடுத்துக் கேட்டால் "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுது" என்றார்கள். எங்கள் பக்கம் கொண்டுவந்து தரவும் மாட்டார்களாம், வவுனியாவுக்கு வந்து எடுக்கட்டாம். பஸ் காசைச் சேர்க்காமல் 35,850 ரூபா. எங்களில் ஒருவரின் மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டிய தொகை.

வரி கட்டுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் சம்பளமே அடுத்தவன் கட்டிய வரிதான். எதன் மீது வரி எடுக்கிறார்கள் என்பதில்தான் எங்கள் சண்டை.

சுங்கத்தில் பொருளின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. விலை, காப்புறுதி, கப்பல் அல்லது விமானக் கூலி மூன்றையும் கூட்டி, அந்த மொத்தத்தைத்தான் பெறுமதி என்று எடுப்பார்கள். பெறுமதி சேர் வரி, அதாவது வற், போடும்போது அந்தப் பெறுமதிக்கு மேல் இன்னும் 10 வீதம் கூட்டுவார்கள். இறக்குகிறவன் விற்று இலாபம் எடுப்பான் என்ற கற்பனை அது. சுங்கத் தீர்வை, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி என்று வேறு ஏதும் விழுந்தால் அதையும் கூட்டி, கூட்டிய தொகைக்குத்தான் 18 வீதம். வரிக்கு மேல் வரி. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி என்று 2.5 வீதம் ஒன்றும் 2022 ஒக்டோபரிலிருந்து இருக்கிறது.

மற்ற எல்லாவற்றையும் பூச்சியம் என்றே வைத்து எங்கள் பார்சலைப் பார்ப்போம். 15,000, அதோடு கூலி 11,000. மொத்தம் 26,000. கற்பனை இலாபம் 2,600ஐக் கூட்டினால் 28,600. அதில் 18 வீதம் 5,148 ரூபா. பொருளுக்கு மட்டும் வற் எடுத்திருந்தால் 2,700 ரூபாதான் வரும். மிச்சம் 2,448 ரூபா எதற்கு? விமானத்தில் வந்ததற்கும், நாங்கள் எடுக்காத இலாபத்துக்கும். 9,850இல் இந்த 5,148 போக மிஞ்சுகிற 4,702 ரூபா எதற்கு என்று எங்களுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணிதப் பாடத்தில் இப்படி ஒரு விடையை வழி காட்டாமல் எழுதினால் நாங்கள் புள்ளி போடமாட்டோம்.

கொழும்பில் வற்றுக்குப் பதிந்த ஒரு பெரிய கம்பனி இதே புத்தகத்தை இறக்கினால் சுங்கத்தில் கட்டிய வற்றைப் பிறகு தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். அந்த 10 வீத இலாபம் உண்மையாகவே அவர்களுக்கு இருக்கிறது, கழிவும் இருக்கிறது. ஹிஜ்ராபுரத்துப் பிள்ளைக்கு இலாபமும் இல்லை, கழிவும் இல்லை. வியாபாரிக்குத் தைத்த சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, பொத்தானை மட்டும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

புத்தகத்துக்கு வற் என்பதே புதுக் கதை. 2023 வரை அது விலக்களிக்கப்பட்ட பட்டியலில் இருந்தது. 2019 முடிவில் வற்றை 15இலிருந்து 8ஆகக் குறைத்துக் கைதட்டு வாங்கினார்கள். 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. பிறகு அதே வருடத்தில் 8 போய் 12, 12 போய் 15. 2024 ஜனவரி 1 முதல் 18. அதே நாளில் விலக்குப் பட்டியலிலிருந்து தள்ளப்பட்ட சாமான்களோடு புத்தகமும் போனது. வரியைக் குறைத்தவர்களும் நாங்கள் இல்லை, கடன் எடுத்தவர்களும் நாங்கள் இல்லை. பில் மட்டும் எங்கள் வாசிகசாலை அலுமாரிக்கு வருகிறது.

இதிலே ஒரு கெட்டித்தனமும் இருக்கிறது. கல்வி, விஞ்ஞான, கலாசாரப் பொருட்களின் இறக்குமதி பற்றி யுனெஸ்கோவின் புளோரன்ஸ் ஒப்பந்தம் என்று ஒன்று 1950இல் வந்தது. புத்தகத்துக்குச் சுங்கத் தீர்வை எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். இலங்கை அதில் சேர்ந்த நாடு. ஆனால் உள்நாட்டுப் புத்தகத்துக்கு எடுக்கிற அதே உள்நாட்டு வரியை வெளிநாட்டுப் புத்தகத்துக்கும் எடுக்க அந்த ஒப்பந்தத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அந்த இடுக்கால் புகுந்துவிட்டார்கள். உள்ளூர்ப் புத்தகத்தையும் சேர்த்து அடித்தால் வெளியூர்ப் புத்தகத்தை அடித்தது பிழையாகாதாம்.

"உள்ளூர் எழுத்தாளர் வளர வேண்டாமா?" என்று கேட்கும் அண்ணன்மாருக்கு ஒரு பதில். 1970களில் சிறிமாவோ அம்மையாரின் காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். அதனால் இங்கே பதிப்புத்துறை தலையெடுத்தது உண்மை, வீரகேசரிப் பிரசுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அன்று உள்ளூர்ப் புத்தகத்துக்கு வழிவிட்டுத்தான் மற்றதை மறித்தார்கள். 2024இல் இரண்டுக்கும் 18 வீதம். இதில் யார் வளர்வது? அத்தோடு வன்னியில் யார் அனிமே செய்கிறார்கள், அவர்களைப் பாதுகாக்க? எங்கள் வகுப்பின் பின்வாங்கில் நீலப் பேனையால் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கண் கண்ணாக வரைகிற பையன்கள்தான் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்து வரைவதற்கு அச்சில் ஒரு பக்கம் இல்லை, உடைந்த போன் திரைதான்.

இனி, கார்ட்டூன் என்று சிரித்தவர்களுக்கு.

அந்தப் புத்தகங்கள் 'பெயார்ஃபூட் கென்', வெறுங்கால் கென் என்று சொல்லலாம். வரைந்தவர் கெய்ஜி நகசவா. 1945 ஓகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் அவர் ஆறு வயதுப் பிள்ளை. பாடசாலை மதில் மறைத்ததால் தப்பினார். தகப்பனும் அக்காவும் தம்பியும் மௌத்தாகிவிட்டார்கள். 1973இல் அதையே சிறுவர் சஞ்சிகையில் தொடராக வரையத் தொடங்கினார். கதையில் கென்னின் தகப்பன் யுத்தம் பிழை என்று வாய்விட்டுச் சொல்கிற மனிசன். அதற்காக ஊர் முழுக்க அந்தக் குடும்பத்தைத் துரோகி என்கிறது. கை கொடுக்கிறவர் பக்கத்து வீட்டுக் கொரியாக்காரர், அவரையே அந்த ஊர் மனிசனாக மதிப்பதில்லை. டிஸ்க்கில் வந்தது இசாவோ தகஹாத்தா 1988இல் எடுத்த 'கிரேவ் ஒஃப் த பயர்ஃபிளைஸ்'. கோபே நகரத்தில் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கச்சியும் பசியில் சாகிற படம்.

எங்கள் வகுப்பில் முள்ளிவாய்க்கால் தாண்டி வந்த வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு புத்தளம் போய் இருபது வருடம் கழித்துத் திரும்பிய வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரே வாங்கில் இருப்பார்கள், ஒரே பந்தை அடிப்பார்கள். தங்கள் வீட்டுக் கதையை மற்றவனுக்குச் சொல்லமாட்டார்கள். நாங்கள் ஆசிரியர்களும் கேட்கமாட்டோம். கேட்டால் யார் வீட்டிலிருந்து எந்தப் பதில் வரும் என்ற பயம். கல்வியியற் கல்லூரியில் சகவாழ்வு பற்றி எங்களுக்கு நிறையக் குறிப்புக் கொடுத்தார்கள். அந்தக் குறிப்பு ஒன்றும் செய்யாத வேலையை அந்தப் புத்தகம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செய்தது. ஒரு பையன் கேட்டான், "சேர், அந்தக் கொரியாக்காரன் ஏன் ஊரை விட்டுப் போகல்ல?" பக்கத்தில் இருந்தவன் சொன்னான், "எங்கட ஆக்கள் போனாங்கதானே, போய் என்ன கிடைச்சது?" அன்று இரண்டு பாடநேரம் முடியும்வரை ஒருவரும் வெளியே போகக் கேட்கவில்லை. அவர்கள் பேசியதை இங்கே எழுதமாட்டோம், அது அவர்களுடையது.

இதைத்தான் ஆடம்பரச் சாமான் என்கிறீர்கள்.

உருவம் வரைவது பற்றிய மார்க்கக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லப் போவதில்லை, அதை உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் ஒன்று: 2024இல் பார்சலில் வந்த அரபு அகராதிக்கும் இதே 18 வீதம்தான், அதே கற்பனை இலாபம்தான். அத்தோடு, இன்று "கார்ட்டூனா" என்று கேட்கிற வாப்பாமார் பலர் ஒரு காலத்தில் கொப்பிக்குள் இரும்புக்கை மாயாவியை ஒளித்து வாசித்தவர்கள். 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த அந்த மாயாவியும் வெள்ளைக்காரன் நாட்டுப் படக்கதைதான்.

"இதெல்லாம் போனில் சும்மா கிடைக்குதே" என்று இளம் பெடியன்கள் சொல்கிறார்கள். கிடைக்கிறது. திருட்டுத் தளத்தில், இடைக்கிடை கெட்ட விளம்பரத்தோடு. அடுத்தவனைப் பார்த்து எழுதினால் பிழை, அடுத்தவன் உழைப்பின் ஹக்கை எடுத்தால் பாவம் என்று நாங்கள் படிப்பிக்கிறோம். காசு கொடுத்து நேராக எடுக்க நினைத்தால் 35,850 ரூபாவும் வவுனியா பஸ்ஸும். களவாக எடுத்தால் டேட்டாக் காசு மட்டும். பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

எங்களில் ஒரு குற்றமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். முன்பு ஒருமுறை தோஹாவிலுள்ள ஒரு மச்சானிடம் நாலு புத்தகம் கேட்டபோது, படிவத்தில் "அன்பளிப்பு, ஐந்து டொலர்" என்று எழுதி அனுப்பச் சொன்னது நாங்கள்தான். அது வரியில்லாமல் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிள்ளைகளுக்கு முன்னால் திறந்தோம். படிவம் மேலேயே ஒட்டியிருந்தது, ஒரு பிள்ளை அதை உரத்து வாசித்தது. புத்தகத்தின் பின்னட்டையில் உண்மையான விலையும் அச்சாகியிருந்தது. அன்றிலிருந்துதான் விலையை உள்ளபடி எழுதி எடுப்பிப்பது என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்த பிறகு வந்த முதல் பார்சல் இது.

இந்த மண்ணுக்குச் சாமான் வருவதற்கு வழிமறிப்பு புதிதில்லை. தொண்ணூறுகளில் பற்றரி, சவர்க்காரம், சீமெந்து என்று தடைப்பட்டியல் போட்டது அரசாங்கம். இங்கே இருந்த தமிழ்ச் சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது. பாதை திறந்த பிறகு ஓமந்தைக்கு இந்தப் பக்கம் இயக்கத்தின் ஆயப்பகுதி தன் பங்குக்கு வரி எடுத்தது. நாங்கள் அப்போது புத்தளத்தில், ஓலைக் கொட்டில் வகுப்பில் இருந்தோம், அங்கேயும் புத்தகம் இல்லை. இன்று சோதனைச்சாவடி இல்லை, ஏ9 பாதை இரவு பகல் திறந்து கிடக்கிறது. பட்டியல் மட்டும் கணினிக்குள் போயிருக்கிறது.

2024 செப்டம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அதற்கு முன்பே வேட்பாளர்களின் ஆட்கள் தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் வரத் தொடங்கியிருந்தார்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் வீடு, காணி, மீள்குடியேற்றம் எல்லாம் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். அதோடு இதையும் கேளுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். புத்தகத்துக்கான வற்றைத் திரும்ப எடுப்பீர்களா? சொந்தப் பாவனைக்கு வருகிற சிறு பார்சலில் அனுப்புகூலிக்கும் இல்லாத இலாபத்துக்கும் வரி எடுப்பதை நிறுத்துவீர்களா? துண்டில் எது எவ்வளவு என்று, தமிழில், பிரித்து எழுதித் தருவீர்களா? மூன்றாவதற்கு நாட்டுக் கஜானாவிலிருந்து ஒரு சதமும் தேவையில்லை. அதற்கும் "பார்ப்போம்" என்று சொல்கிறவரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கும் ஒரு கணக்கு. ஒரு புத்தகம் தனியாக வந்தாலும் பத்துப் புத்தகம் ஒரு பெட்டியில் வந்தாலும் கையாளுகைக் கட்டணம் அநேகமாக ஒன்றுதான், கூலியும் பத்து மடங்காவதில்லை. அகராதி வேண்டியவர், பல்கலைக்கழகப் பாடநூல் வேண்டியவர், எங்களைப்போல மங்கா வேண்டியவர் எல்லாரும் மாதம் ஒருமுறை சேர்ந்து ஒரே பெட்டியாக எடுப்பிக்கலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள், அல்லது ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்னால் எங்களைப் பிடியுங்கள். தமிழ்ச் சகோதரர்கள் பாடசாலை விட்ட பிறகு கேற்றடியில் பிடிக்கலாம், நாங்கள் நாலு பேரும் அங்கேதான் நிற்போம்.

கென்னின் கதை பத்துத் தொகுதி. எங்களிடம் இருப்பது இரண்டு. மூன்றாவது எப்போது வரும் என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்கிறார்கள். டிசம்பரில் லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஊருக்கு வருகிறவர்கள் யாராவது இருந்தால், பெட்டியில் ஒரு மூலையில் இடமிருக்கிறதா என்று சொல்லுங்கள். தபாலில்தான் அனுப்ப முடியும் என்றால் அனுப்புங்கள், படிவத்தில் விலையை உள்ளபடியே எழுதுங்கள். வரியை நாங்கள் கட்டுகிறோம், துண்டைப் படமெடுத்து இங்கே போடுகிறோம்.