முதல் திரையிலேயே முழுத்தொகை வேண்டும்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் இருக்கிற கள்ளிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் பாடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த பகுதி இது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று எங்காவது இரண்டு மூன்று நாள் போய்வருவதுதான் இங்கே பல குடும்பங்களுக்கு வருடத்தின் ஒரே உல்லாசம். அதற்காகவே மாதச் சீட்டுப் போடுகிறவர்களும் போனஸில் ஒரு பங்கை எடுத்துவைக்கிறவர்களும் எங்கள் தெருவில் உண்டு. அப்படிச் சேர்த்த பணம் தங்கும் இடத்தின் வாடகையில் எப்படிக் கரைகிறது என்று தங்களிடம் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் அறையோ, காட்டேஜோ, ஹோம்ஸ்டேயோ, தனி வீடோ எதுவானாலும், தேதியும் ஆட்களின் எண்ணிக்கையும் கொடுத்துத் தேடும்போது வருகிற முதல் பட்டியலிலேயே, கட்டியே ஆகவேண்டிய எல்லாக் கட்டணமும் வரியும் சேர்ந்த ஒரே தொகை தெரியவேண்டும். பட்டியலை விலைவாரியாக அடுக்கும்போதும் அந்தத் தொகையை வைத்தே அடுக்கவேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள்தான்; ஆனால் கோடை விடுமுறைக்கு மலையில் இடம் தேடிய எவருக்கும் இவை அந்நியமாகத் தெரியாது. நாலைந்து பேர் உள்ள ஒரு குடும்பம் ஊட்டியில் இரண்டு இரவு தங்க இடம் தேடுகிறது. ஓட்டலில் இரண்டு அறை, அறைக்கு 2,500 ரூபாய், ஆக ஓர் இரவுக்கு 5,000. பக்கத்திலேயே இரண்டு படுக்கையறை உள்ள வீடு, இரவுக்கு 4,000 என்று திரை சொல்கிறது. யாராக இருந்தாலும் வீட்டைத்தான் தொடுவார்கள். கடைசித் திரைக்கு வந்ததும், இரண்டு இரவுக்கான 8,000 ரூபாயோடு சுத்தம் செய்யும் கட்டணம் 1,500 சேர்கிறது. இந்த 9,500-க்கு இணையதளத்தின் சேவைக் கட்டணம் 15 சதவீதம் என்று வைத்தால் 1,425. வாடகைக்கும் சுத்தம் செய்வதற்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம், சேவைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தம் 11,656 ரூபாய். ஓட்டலின் இரண்டு அறைக்கு வரியோடு 10,500. மலிவு என்று நம்பித் தொட்ட வீடு, ஓட்டலைவிட ஆயிரத்துச் சொச்சம் கூடுதல். அதாவது, அந்த 4,000 ரூபாய்க்கு அந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கமுடியாது. அப்படியொரு விலையே இல்லை. இல்லாத விலையை வைத்துத்தான் ஒரு குடும்பம் முடிவெடுக்கிறது.

ஓட்டல் நடத்துகிறவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கூடுதல் படுக்கைக்குக் கட்டணம், சீசன் வாடகை என்று அவர்களிடமும் குறை உண்டு. ‘வரிகளும் கட்டணங்களும் தனி’ என்று விலைக்குக் கீழே பொடி எழுத்தில் போடும் வழக்கம் ஓட்டல் பட்டியல்களிலும் இருக்கிறது. ஆனால் அறையைப் பெருக்கித் துடைப்பதும் போர்வை துவைப்பதும் ஓட்டலில் வாடகைக்குள் அடக்கம். வரவேற்பு மேசைக்குப் பின்னால் தொங்குகிற கட்டணப் பலகையைப் பார்த்தால் லாட்ஜில் தங்கும் செலவு புரிந்துவிடும். வீட்டு வாடகையில்தான் அந்த ஒரே செலவு துண்டு துண்டாக உடைக்கப்படுகிறது. ஆகவே இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாமல் போகிறது.

அப்படியானால் ஓட்டலுக்கே போகலாமே என்று கேட்பவர்கள் எங்களைப் போன்ற குடும்பங்களோடு பயணம் போனதில்லை என்றே நினைக்கிறேன். சர்க்கரை நோய் உள்ள மாமியாருக்கு நேரத்துக்குக் கஞ்சி வேண்டும். கைக்குழந்தைக்கு ராத்திரி இரண்டு மணிக்குப் பால் காய்ச்சவேண்டும். மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பிடித்துப் போனால் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசவேண்டும் என்ற ஆசை இருக்கும். மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் சாப்பாட்டுச் செலவு வாடகையைத் தாண்டிவிடும். ஒரு வீடும் அதில் ஒரு அடுப்பும் கிடைப்பது பெரிய உதவி. அதனால்தான் இந்த வாடகை முறை நன்றாக நடக்கவேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன்.

சுத்தம் செய்யும் கட்டணத்தையும் நான் எதிர்க்கவில்லை. மலையில் போர்வை காய்வதே பெரும்பாடு. ஒரு வீட்டைக் காலிசெய்து அடுத்த குடும்பத்துக்குத் தயார் பண்ண ஓர் ஆள் அரைநாள் உழைக்கவேண்டும். அந்தக் கூலி நியாயமாகக் கிடைக்கவேண்டும். குறை, அது விலையில் சேர்கிற விதத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் தங்கினாலும் ஐந்து நாள் தங்கினாலும் அதே 1,500. ஐந்து நாள் தங்குகிறவருக்கு நாளுக்கு 300 ரூபாய். சனி ராத்திரி மட்டும் தங்கி ஞாயிற்றுக்கிழமை திரும்பி, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு நிற்கவேண்டியவருக்கு நாளுக்கு 1,500. விடுப்பு குறைவாக உள்ளவர்தான் அதிக விகிதத்தில் கட்டுகிறார். ‘இரவுக்கு இவ்வளவு’ என்று மட்டும் காட்டுகிற திரையில் இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

இன்னொருவரும் இதில் அடிபடுகிறார்: நேர்மையாக விலை சொல்லும் வீட்டுக்காரர். எல்லாவற்றையும் சேர்த்து இரவுக்கு 5,000 என்று போடுகிறவரின் வீடு, 4,000 என்று போட்டுக் கட்டணங்களைப் பின்னால் ஒளித்துவைப்பவரின் வீட்டுக்குக் கீழே இறங்கிவிடும். குறைந்த விலையிலிருந்து பார்க்கிறவர்கள் நேர்மையானவரின் பக்கத்தை எட்டுவதே இல்லை. இரண்டு சீசன் இப்படிப் போனால் அவரும் விலையை உடைத்துப் போடக் கற்றுக்கொள்வார். அடுக்கும் முறையையும் சேர்த்துச் சரிசெய்யவேண்டும் என்று மேலே கேட்டது இதனால்தான்.

கடைசித் திரையில்தான் முழுத்தொகை தெரிகிறதே, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாமே என்று நிறுவனங்கள் சொல்லலாம். ஏப்ரல் மாதத்தில் அது நடக்காது. ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்னால் திறந்த உடனே போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் மேட்டுப்பாளையத்துக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காது. சொந்த வண்டியில் போனால் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். கம்பெனியில் விடுப்பு எழுதிக்கொடுத்தாயிற்று, பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று. இதற்குப் பிறகு, எல்லாப் பெயரும் வயதும் தட்டி முடித்த நேரத்தில், ‘இன்னும் சில நிமிடங்களில் இந்த இடம் போய்விடும்’ என்று ஓர் எச்சரிக்கையோடு கூடுதல் தொகை வந்து நிற்கும்போது, எந்தத் தகப்பன் திரும்பப் போய் முதலிலிருந்து தேடுவான்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், பொருளுக்கோ சேவைக்கோ மொத்த விலையை ஒரே எண்ணாகவும், அதற்குள் அடங்கிய கட்டணங்களைப் பிரித்தும் காட்டவேண்டும் என்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று தங்கள் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டன. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவது அதில் ஒன்று. 2025 ஜூன் மாதம், மூன்று மாதத்துக்குள் தங்கள் தளங்களைத் தாங்களே தணிக்கை செய்யுமாறு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தினீர்கள். அந்த நவம்பரில், 26 தளங்கள் தங்களிடம் இத்தகைய உத்திகள் இல்லை என்று உறுதி கொடுத்ததாக அரசு அறிவித்தது. அவற்றில் பயண முன்பதிவுத் தளங்களும் இருந்தன.

இந்த இடத்தில்தான் தங்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசவேண்டியிருக்கிறது. தன் தராசு சரி என்று கடைக்காரரே எழுதிக்கொடுத்தால் எடையளவுத் துறை ஏற்றுக்கொள்ளுமா? முத்திரை போட ஆய்வாளர் வந்து பார்க்கத்தானே செய்கிறார்? தங்கள் அலுவலர்கள் சாதாரணப் பயணிகளாக இந்தச் செயலிகளில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மாமல்லபுரத்துக்கும் தேடிப் பார்க்கட்டும். முதல் திரையில் வந்த எண்ணையும் கடைசித் திரையில் வந்த எண்ணையும் குறித்து, தளத்தின் பெயரோடு வெளியிடட்டும். ‘முன்கூட்டியே’ என்று வழிகாட்டுதல் சொல்வது, விலை முதன்முதலாகக் கண்ணில் படும் அந்தப் பட்டியலைத்தான் குறிக்கும் என்று ஒரு விளக்கச் சுற்றறிக்கை வந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இப்போதோ, பணம் கட்டும் பொத்தானுக்கு முந்தின திரையில் காட்டினால் போதும் என்று நிறுவனங்கள் வாதிட இடம் இருக்கிறது.

முடியாத காரியமும் இல்லை. ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2015-லேயே வீடுகளை வாடகைக்குப் பதிவுசெய்யும் தளமான ஏர்பிஎன்பி நிறுவனத்திடம் இதுகுறித்து உறுதிமொழி வாங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வற்புறுத்தலால் அந்நிறுவனம் 2019-க்குள் அங்கே முழு விலையைக் காட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 2025 மே 12 முதல், நிகழ்ச்சி டிக்கெட்டுக்கும் குறுகிய காலத் தங்குமிடத்துக்கும், அரசு வரி நீங்கலாக, கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த தொகையே பிரதானமாகத் தெரியவேண்டும் என்பது விதி. ஓட்டலுக்கும் வாடகை வீட்டுக்கும் அங்கே ஒரே அளவுகோல். இதற்குச் சற்றுமுன் 2025 ஏப்ரலில், கட்டணங்கள் சேர்ந்த மொத்த விலையை உலகம் முழுவதும் முதலிலேயே காட்டுவதாக ஏர்பிஎன்பி அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அதிலும் வரி வெளியே நிற்கிறது, ஒரு நிறுவனம் மாறினால் மற்றவையும் மாறும் என்ற உத்தரவாதமும் இல்லை.

வரி வெளியே நிற்பது சின்ன விஷயமல்ல. நாளுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18. மூன்று குடும்பம் சேர்ந்து மூன்று ஓட்டல் அறையை 3,000 வீதம் எடுத்தால் 9,000-க்கு வரி 450 ரூபாய். அதே 9,000-க்கு முழு வீடாக எடுத்து, வீட்டை ஒரே அலகாகக் கணக்கிட்டால் வரி 1,620. வரி விகிதத்தைப் பற்றிப் பேசவேண்டிய இடம் ஜிஎஸ்டி கவுன்சில் என்று தெரியும். அந்த 1,620 முதல் திரையில் தெரியாமல் போவது மட்டும் தங்கள் எல்லைக்குள் வருகிறது. ஒரு சோப்புக் கட்டியின் உறையில்கூட ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்று அச்சடிக்க வைத்த நாடு இது.

இணையத்தைத் தாண்டியும் ஒரு தொல்லை இருக்கிறது. வீட்டு வாசலில் இறங்கிப் பெட்டியை வைத்த பிறகு கேர்டேக்கர் சொல்லும் கணக்கு: அடுப்பு உபயோகிக்க இவ்வளவு, ஹீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் படுக்க இவ்வளவு, டெபாசிட் தனியாக ஜிபேயில் அனுப்புங்கள். இருட்டிவிட்ட மலையில், குழந்தை குளிரில் நடுங்கும்போது யாரும் வாதாடமாட்டார்கள். பதிவில் சொல்லாத எந்தக் கட்டணத்தையும் வாசலில் வாங்கக்கூடாது, வாங்கினால் பதிவு செய்த தளமே அதைத் திருப்பித் தரவேண்டும் என்று ஆக்குங்கள். திருப்பித் தரும் டெபாசிட்டுக்கு எத்தனை நாளில் தரப்படும் என்ற வரி அந்தப் பதிவிலேயே, தமிழிலும், இருக்கட்டும். பணம் கட்டுவது மகனோ மகளோ என்றாலும், சம்பாதித்தவர் படித்துப் புரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்பதையும் அறிவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம்கூட இல்லை. ஆனால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வாய்தாவுக்குப் போகக்கூடியவர் எங்கள் பகுதியில் யாரும் இல்லை. தனித்தனியாகப் போராடமுடியாத இழப்பு இது என்பதால்தான், நுகர்வோரை ஒரு வர்க்கமாகக் காக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றம் தங்கள் ஆணையத்துக்குக் கொடுத்தது. உணவகப் பில்லில் தானாகச் சேர்க்கப்பட்ட சர்வீஸ் சார்ஜுக்கு எதிராக 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தீர்கள்; ஓட்டல் சங்கங்கள் எதிர்த்து நின்றும் 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தங்கள் பக்கம் நின்றது. அதே உறுதி தங்குமிட வாடகையிலும் வேண்டும்.

கோடை விடுமுறைக்கான தேடல் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த விளக்கச் சுற்றறிக்கை அதற்கு முன் வந்துவிட்டால், அடுத்த சீசனுக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு அது பயன்படும்.

இப்படிக்கு,
கள்ளிக்குப்பத்தில் வசிக்கும் ஒரு நுகர்வோர்
அம்பத்தூர், சென்னை