கடினச் சொல் பட்டியலில் எங்கள் பெயர்

விழுப்புரத்தில் ஒரு மாடி அறை. ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி வகுப்பு. ‘உயர்நிலைச் சொற்கள்’ என்று ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கையில் கொடுத்தார்கள். தினம் இருபது வார்த்தை. அர்த்தம், ஒரு வாக்கியம். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, முப்பத்துமூணு வயசில், பத்தொன்பது வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உருப்போட்டேன். ஒன்பதாம் நாள் பட்டியலில் வந்தது: ‘பரையா’. அர்த்தம்: எல்லோராலும் வெறுத்து ஒதுக்கப்பட்டவன்.

பக்கத்தில் இருந்த பையன் வடகொரியாவை வைத்து வாக்கியம் எழுதினான். வாத்தியார் ‘வெரிகுட்’ என்றார். என் முறை வந்தது. “சார், இது எங்க சாதிப் பேரு” என்றேன். வகுப்பு கப்சிப். அவர் சிரித்து மழுப்பினார். “அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கம்மா, பரீட்சைக்கு யூஸ் ஆகும்.”

ஆகும்தான். இந்தத் தேர்வில் எழுத்துக்கும் பேச்சுக்கும் போடுகிற மதிப்பெண்ணில் நாலில் ஒரு பங்கு சொல்வளத்துக்கு. அதிகம் புழங்காத சொல்லை இடமறிந்து போட்டால் மேல் மதிப்பெண். ஆக, எங்கள் பெயரை வசவாக, சரியான இடத்தில் போடத் தெரிந்தால் எனக்கு மார்க்கு. தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாய்க்குக் குறையாது. வாங்குகிற மதிப்பெண் செல்லுபடியாவது 2 வருஷம்தான். இவ்வளவு பணத்தையும் கட்டி, நம்மை நாமே திட்டவும் பழகணும்.

அந்தச் சொல் அங்கே எப்படிப் போனது? 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து இறங்கிய ஐரோப்பியர் வழியாகப் போனது. கட்டுமரமும் போனது, அங்கேயும் மிதக்கிறது. சுருட்டு போனது, அங்கேயும் புகைகிறது. மிளகுத்தண்ணி போனது, அங்கேயும் குடிக்கிறார்கள். பறையர் என்ற பெயர் மட்டும் ஆளை விட்டு, பறையை விட்டு, வெறும் இழிவாகப் போய் இறங்கியது. வெள்ளைக்காரன் சேரியில் வந்து குந்தி எங்களைக் கேட்டா அர்த்தம் எழுதினான்? ஊர் சொன்னதை எழுதிக்கொண்டான். இங்கே தயாரான இழிவைத்தான் அவன் கப்பலேற்றினான். ஆகவே ஆங்கிலத்தை மட்டும் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளச் சாதி இந்துத் தமிழ்ப் பற்றாளர்களுக்கு வழியில்லை.

எனக்குத் தமிழ் நடத்திய ஐயா ஒருவர் கேட்டார்: “தமிழ் படிச்சவளுக்கு எதுக்கும்மா இங்கிலீஷ்?” அவர் பையன் ஆஸ்திரேலியாவில். தொல்காப்பியம் பறையைக் கருப்பொருளில் வைத்து எண்ணுகிறது. புறநானூறு 335ஆம் பாட்டு நாலு குடிகளைச் சொல்லும்போது அதில் பறையனும் ஒரு குடி. இதையெல்லாம் வகுப்பில் உருகி உருகி நடத்தின வாய், கல்லூரி வாசலைத் தாண்டினால் அதே சொல்லை எப்படிச் சொல்லும் என்று நமக்குத் தெரியாதா?

இந்தப் பெயரை என்ன செய்வது என்று நம் பெரியவர்கள் யோசிக்காமல் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரே வேண்டாம் என்றார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்குப் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஒருவர் தலையில் சூட்டிக்கொண்டார், ஒருவர் தூக்கி எறிந்தார். இரண்டும் நம்ம முடிவு. ஜெராக்ஸ் தாளில் இருப்பது நம்ம முடிவு இல்லை.

அப்போ இங்கிலீஷ் வேண்டாமா? வேணும். அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1916இல் அங்கே சாதியைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை வாசித்தார். நானும் வெளியே போய்ப் பறையைப் பற்றித்தான் ஆராய நினைக்கிறேன். அதற்கும் முட்டுக்கட்டை. பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாட்டில் படிக்கவைக்கிற ஒன்றிய அரசின் உதவித்தொகை விதிகளை 2022இல் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்குப் பணம் கிடையாது என்று சேர்த்தார்கள். அம்பேத்கர் 1916இல் செய்ததை அவர் பிள்ளைகள் அந்தப் பணத்தில் செய்யக் கூடாதாம். நான் வேறு பணத்துக்கு அலைகிறேன். அதற்கும் இந்தத் தேர்வுதான் வாசல்.

தோழர்களே, வகுப்புக்குப் போங்க. ஆயிரம் வார்த்தை கொடுத்தாலும் படிங்க. அந்த ஒரு வார்த்தை வரும்போது மட்டும் வாய மூடிக்கிட்டு எழுதிக்காதீங்க. எழுந்து கேளுங்க. ஒதுக்கப்பட்டவன் என்று சொல்ல அந்த மொழியில் வேறு சொல்லே இல்லையா? இருக்கிறது, அதே கட்டில் இன்னொரு பக்கத்திலேயே இருக்கிறது. பட்டியல் அடிக்கிறவர்களுக்கு எழுதுங்க: அதை எடு, எடுக்க மாட்டாயா, அது யாருடைய பெயர் என்று பக்கத்திலேயே போடு.

அன்றைக்கு நானும் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். அது ஒரு மக்களின் பெயர், என் அப்பாவும் அவர்களில் ஒருவர் என்று. வாத்தியார் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘பயன்பாடு தவறு’ என்று எழுதித் தந்தார். தாளை வைத்திருக்கிறேன். தேர்வு அடுத்த மாதம்.